மெல்லிய கையில் பெரிய மணிக்கூடு

மாமா கனடாவில் இருந்து கொண்டுவந்து தந்த சீகோ எஸ்கேஎக்ஸ்007 மணிக்கூடு இரண்டு வருசமாக அலுமாரிக்குள்தான் கிடந்தது, ஏனென்றால் என் மணிக்கட்டின் சுற்றளவு 15.5 சென்ரிமீற்றர், அதன் வட்டத்தின் குறுக்களவோ 42 மில்லிமீற்றருக்கு மேல். கட்டிய முதல் நாளே “உது அப்பான்ரையோ?” என்று ஒராள் கேட்டது மனதில் நன்றாகக் குத்தியிருந்தது.

போன கிழமை யாழ்ப்பாணம் கஸ்தூரியார் வீதியில் மணிக்கூடு திருத்துகிற அண்ணையிடம் வாரில் இன்னொரு ஓட்டை போட்டுத் தரச்சொல்லிக் கேட்டேன். அவர் போடவில்லை. என் கையை மேசையில் வைக்கச் சொல்லி அடிமட்டத்தால் அளந்துவிட்டு, “தம்பி, வட்டத்தைப் பாக்காதையும், வார் பூட்டுற கொம்புக்குக் கொம்பு எவ்வளவு எண்டு பாரும்” என்றார். அது 46 மில்லிமீற்றர், என் கையின் மேற்புற அகலம் 52 மில்லிமீற்றர், அதாவது கைக்குள் அடங்குகிற அளவுதான். சரி, அப்படியென்றால் எங்கே பிழை? அந்த விறைத்த ரப்பர் வார்தான். கொம்பில் இருந்து நேராக வெளியே நீட்டிக்கொண்டு கைக்கும் அதற்கும் நடுவில் ஒரு விரல் போகிற இடைவெளி. அதைக் கழற்றி, மடிந்து தொங்குகிற மெல்லிய நைலோன் வார் ஒன்று போட்டுவிட்டார். வட்டம் சின்னதாக இருந்தும் கொம்பு நீண்ட மணிக்கூடுகள்தான் மெல்லிய கைக்கு உண்மையில் ஒத்துவராதவை என்பதையும் சொன்னார், கண்ணாடிப் பெட்டியில் இருந்து இரண்டை எடுத்து வைத்தும் காட்டினார்.

மெல்லிய கைக்காரர் யாராவது வாங்கப் போனால் தயவுசெய்து அந்தக் கொம்புக்குக் கொம்பு அளவைக் கேளுங்கோ. நான் இன்றைக்கு ஐந்தாவது நாளாகக் கட்டியிருக்கிறேன், சைக்கிள் ஓடும்போதும் அசையாமல் கையோடு கிடக்கிறது.