கையிருப்பு: 1

நான் பேனா பிடிக்கும் விதம் தவறு என்று முதலில் சொன்னவர் என் மூன்றாம் வகுப்பு ஆசிரியை. அவர் சொன்னது சரிதான். எழுதும்போது என் மணிக்கட்டு உள்பக்கமாகச் சாயும். பேனாவும் அதோடு சேர்ந்து இடப்பக்கம் திரும்பிக்கொள்ளும். பால்பாயின்ட் பேனாவுக்கு இது ஒரு பொருட்டே இல்லை. எந்தப் பக்கம் திருப்பினாலும் உருண்டை உருண்டைதான். மைப் பேனாவின் நிப்பு அப்படியல்ல. நடுவே பிளவுபட்ட அதன் நுனிக்கு இரண்டு கால்கள் உண்டு. இரண்டும் ஒன்றாகத் தாளில் படிந்தால்தான் மை ஒழுங்காக இறங்கும். என் பிடியில் ஒரு கால் தாளிலும் மற்றது அந்தரத்திலும் நிற்கும். தாளைப் பிறாண்டும். 'ழ' எழுதினால் கீழ்ச்சுழி முடிவதற்குள் மை அறுந்துபோகும்.

அதனால் மைப் பேனா நமக்கு விதிக்கவில்லை என்று விட்டுவிட்டேன். பல வருடங்கள் கழித்து, ஓய்வுபெறும் தறுவாயில் இருந்த என் மேலாளர் ஒரு கோப்பில் கையெழுத்துப் போடச் சொல்லித் தம் பேனாவை நீட்டினார். வெள்ளி உடம்பு, அதில் சின்னச் சின்னக் கட்டங்களாகக் கோடுகள். நான் பிடித்த விதத்தைப் பார்த்துவிட்டு, "கொஞ்சம் இருங்கள்" என்று பேனாவைத் திரும்ப வாங்கினார். நிப்பை விரல்களுக்கு இடையில் பிடித்து லேசாகத் திருகினார். தங்க நிப்பை உடைக்கப்போகிறார் என்று நான் பதறினேன். அது கடிகாரச் சாவிபோல நகர்ந்தது. மறுபடி என்னிடம் கொடுத்தார். கையெழுத்துப் போட்டேன். பிறாண்டவில்லை. தேவையே இல்லாமல் தேதியையும் எழுதினேன், ஊரையும் எழுதினேன்.

அது பார்க்கர் 75. 1888இல் தொடங்கிய நிறுவனம் தன் எழுபத்தைந்தாம் ஆண்டையொட்டி 1963இல் கொண்டுவந்த பேனா. விரல்கள் உட்காரும் கழுத்துப் பகுதி மூன்று பட்டைகளாக இருக்கும். அதனால் பேனா எப்போதும் ஒரே வாக்கில்தான் கைக்குள் அமரும். கை எப்படிச் சாய்ந்ததோ அதற்கேற்ப நிப்பை மட்டும் திருப்பி வைத்துக்கொள்ளலாம். ஆரம்ப காலப் பேனாக்களில் நிப்பைச் சுற்றிய வளையத்தில் அளவுக் கோடுகளும் 0 என்ற குறியும்கூட உண்டு. மனிதர்களின் கையைத் திருத்தாமல் பேனாவைத் திருத்தலாம் என்று யாருக்கோ தோன்றியிருக்கிறது பாருங்கள்! என் ஆசிரியைக்கு இது தோன்றவில்லை.

1994இல் அதை நிறுத்திவிட்டார்கள்.

நிறுத்தப்பட்ட பேனாவை வாங்குவதில் மூன்று வழிகள் இருக்கின்றன. யாரோ பயன்படுத்தியதை வாங்கலாம். பழுதுபார்ப்பவர் சீர்செய்து விற்பதை வாங்கலாம். அல்லது ஏதோ ஒரு கடையின் இழுப்பறையில் விற்காமல் தங்கிப்போன பழைய இருப்பு வெளியே வரும்வரை காத்திருக்கலாம். மூன்றாவதுதான் எல்லோருக்கும் ஆசை. நான் முதல் வழியில் இறங்கி இரண்டு முறை அடிபட்ட பிறகே மூன்றாவதற்கு வந்தேன்.

முதல் முறை, நிப்பு மெலிதா நடுத்தரமா என்று விற்பவருக்கு ஒரு கேள்வி அனுப்பிவிட்டு நிம்மதியாகத் தூங்கினேன். விடிந்து பார்த்தால் பதில் வந்திருந்தது: "மெலிது. ஆனால் விற்றுவிட்டது." இரண்டாம் முறை அந்தப் பாடத்தை அளவுக்கு மீறிக் கற்றுக்கொண்டு, படங்களைச் சரியாகப் பெரிதாக்கிக்கூடப் பார்க்காமல் வாங்கினேன். வந்த பேனாவின் உடம்பில் யாரோ ஒருவரின் பெயரின் முதலெழுத்துகள் கொட்டை எழுத்தில் பொறிக்கப்பட்டிருந்தன. ஒவ்வொரு முறை எடுக்கும்போதும் அந்த மனிதரிடமிருந்து திருடிவிட்டதுபோல ஒரு கூச்சம். நிப்பின் ஒரு காலும் மேலே தூக்கியிருந்தது. வாங்கியதைவிடக் குறைவாக விற்றுத் தொலைத்தேன்.

அதற்குப் பிறகு ஐந்தாறு மாதம் எதையும் வாங்கவில்லை, படித்தேன். பார்க்கர் 75 பற்றி அக்கறையுள்ளவர்கள் எவ்வளவு நுணுக்கமானவர்கள் என்று அப்போதுதான் தெரிந்தது. மூடியின் உச்சியும் உடம்பின் அடியும் தட்டையாக இருந்தால் அது ஆரம்ப காலத்தது, குழிந்திருந்தால் பிந்தியது. நிப்பில் 585 என்று இருந்தால் 14 காரட் தங்கம், 750 என்று இருந்தால் 18 காரட். இதே பேனாவில் ஒரு புதையல் பதிப்பும் உண்டு: 1715இல் புயலில் மூழ்கிய ஸ்பானியக் கப்பல்களிலிருந்து மீட்ட வெள்ளியைக் கொண்டு 1965இல் செய்தது, மொத்தம் 4,821 பேனாக்கள். அதையெல்லாம் தேடி அலைபவர்கள் இருக்கிறார்கள். எனக்குக் கடலுக்கு மேலே இருந்த வெள்ளியே போதும்.

எனக்கு மிகவும் பிடித்துப்போனது தேதிக் குறி. 1980 முதல் பார்க்கர் பேனாக்களில் தயாரித்த ஆண்டை ஓர் எழுத்தாகப் பொறித்திருப்பார்கள். குவாலிட்டி பென் என்பதை ஆங்கிலத்தில் எழுதினால் பத்து எழுத்து, ஒன்றுகூடத் திரும்ப வராது. முதல் எழுத்தான க்யூவுக்கு 0, அடுத்து யூவுக்கு 1, கடைசி என்னுக்கு 9. அதுதான் ஆண்டின் கடைசி இலக்கம். எண்பதுகளின் பிற்பகுதிப் பேனாக்களில் பக்கத்தில் இருக்கும் சிறு கோடுகள் காலாண்டைச் சொல்லும்: மூன்று கோடு முதல் காலாண்டு, இரண்டு கோடு இரண்டாவது, ஒன்று மூன்றாவது, கோடே இல்லையென்றால் வருடக் கடைசி. இதைப் படித்த நாளில் வீட்டில் இருந்த பார்க்கர் பால்பாயின்ட் பேனாவையெல்லாம் எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு ஒரு நாள் அந்த அறிவிப்பு வந்தது. மூடப்பட்ட ஒரு பேனாக் கடையின் இருப்பை மொத்தமாக வாங்கிய ஒருவர், பயன்படுத்தாத பார்க்கர் 75, வெள்ளி, பெட்டியோடு என்று போட்டிருந்தார். கையிருப்பு: 4.

ஒற்றைப் பேனாவை விற்கும்போது படத்தில் இருப்பதுதான் கைக்கு வரும். நான்கு இருக்கும்போது படம் வெறும் மாதிரி. வரப்போவது எது என்று தெரியாது. முன்பு வாங்கிய அடி நினைவில் இருந்ததால், நான்கு மூடிகளின் விளிம்பும் நான்கு நிப்புகளும் தெரியும்படி ஒரு படம் கேட்டேன். இருபது நிமிடத்தில் அனுப்பிவிட்டார். நல்ல மனிதர்தான். ஆனால் "எழுபதுகளின் தொடக்கத்தைச் சேர்ந்தவை" என்று அவர் எழுதியிருந்தது தவறு. மூடி விளிம்பில் பிரான்ஸில் செய்தது என்ற வாசகத்துக்கு அருகே இரண்டு கோடும் ஈ என்ற ஆங்கில எழுத்தும் தெரிந்தன. ஈ என்றால் 8. 1998ஆக இருக்க முடியாது, அதற்குள் பேனாவே நின்றுவிட்டது. ஆகவே 1988, இரண்டாம் காலாண்டு. சேகரிப்பவராக இருந்தால் இந்த இடத்தில் முகம் சுளித்திருப்பார். எனக்குக் கிழவரைவிட நடுவயதுக்காரர் மேல் என்றுதான் பட்டது. தூக்கிய கால் எதுவும் இல்லை. பொறித்த பெயர் இல்லை. நான்கில் ஒன்றில்தான் மெலிய நிப்பு. மற்ற மூன்றும் நடுத்தரம்.

மெலிய நிப்புள்ளதை எனக்காக எடுத்துவைக்க முடியுமா என்று கேட்டேன். "எடுத்துவைப்பதில்லை. பணம் முதலில் யாருடையதோ அவருக்கு" என்று பதில். நியாயம்தான். பக்கத்தைப் புதுப்பித்தேன். கையிருப்பு: 3.

அட்டை எண்ணை அடித்தேன். வெளிநாட்டுப் பரிவர்த்தனைக்கான அனுமதியை ஒரு மாதம் முன்பே திறந்துவைத்திருந்தேன்; அந்த அளவுக்கு விவரமாகியிருந்தேன். ஓடிபி வந்தது, போட்டேன். பரிவர்த்தனை நிராகரிக்கப்பட்டது. காரணம் எதுவும் இல்லை. மறுபடி முயன்றேன். இந்த முறை ஓடிபியே வரவில்லை. வங்கியிலிருந்து ஒரு குறுஞ்செய்தி வந்தது: சந்தேகத்துக்குரிய நடவடிக்கை காரணமாக உங்கள் அட்டை தற்காலிகமாக முடக்கப்பட்டுள்ளது.

வாழ்க்கையில் முதல் முறையாக என் நடவடிக்கையை ஒருவர் சந்தேகத்துக்குரியது என்கிறார், அதுவும் பேனா வாங்கியதற்கு.

வங்கிக்குத் தொலைபேசியில் அழைத்தேன். ஒன்றை அழுத்து, நான்கை அழுத்து, பிறந்த தேதியை அடி. பிறகு புல்லாங்குழல் இசை. அந்த இசையைக் கேட்டுக்கொண்டே பக்கத்தைப் புதுப்பித்தேன். கையிருப்பு: 2. ஒரு பெண் குரல் வந்தது.

"இந்தப் பரிவர்த்தனையைச் செய்தது நீங்கள்தானா சார்?"

"நான்தான்."

"என்ன பொருள் வாங்குகிறீர்கள் சார்?"

"பேனா."

சிறிது மௌனம். "எத்தனை பேனா சார்?"

"ஒன்று."

இன்னும் நீண்ட மௌனம். "யாராவது தொலைபேசியில் பேசி உங்களை இதை வாங்கச் சொன்னார்களா சார்?"

சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அவர் கேட்டது சரியான கேள்வி. ஏமாற்றுக்காரர்கள் இப்படித்தானே ஆட்களை அவசரப்படுத்துகிறார்கள்! யாரும் சொல்லவில்லை, முப்பது வருடம் முன்பு நிறுத்திவிட்ட பேனா, வேறு எங்கும் கிடைக்காது என்றேன். "நிறுத்திவிட்டதையா வாங்குகிறீர்கள்?" என்றார். அந்தக் குரலில் இருந்தது வங்கியின் சந்தேகம் இல்லை, ஓர் அக்காவின் கவலை. முடக்கத்தை நீக்கினார். பத்து நிமிடம் கழித்து முயலுங்கள் என்றார்.

அந்தப் பத்து நிமிடத்தில் புதுப்பிக்கும் பொத்தானை எத்தனை முறை அழுத்தினேன் என்று சொன்னால் எனக்கே அவமானம். இந்தக் கையிருப்பு எண் இருக்கிறதே, அது மனிதனை என்ன பாடு படுத்துகிறது! நான்கு என்று இருந்தபோது தேதிக் குறியெல்லாம் ஆராய்ந்தவன், ஒன்று என்று மாறியதும் மெலிதாவது நடுத்தரமாவது, கிடைத்தால் போதும் என்று நின்றேன். விற்பவர் உண்மையிலேயே நான்கு மூடிகளைப் படமெடுத்து அனுப்பியிருக்காவிட்டால், அந்த எண்ணையே நான் நம்பியிருக்க மாட்டேன். ஏழாவது நிமிடத்திலேயே முயன்றேன். போய்விட்டது. பக்கத்தில் 'கையிருப்பு இல்லை' என்று மாறியது. இதயம் ஒரு கணம் நின்று, அது என்னால்தான் இல்லாமல்போனது என்று புரிந்ததும் திரும்ப ஓடியது.

வந்து சேர மூன்று வாரம். நடுவே சுங்கத்தில் ரசீது கேட்டார்கள், அனுப்பினேன், சும்மா சில நாள் கிடந்தது.

பெட்டியைத் திறந்தபோது முதலில் கண்ணில் பட்டது பேனா இல்லை, அதைச் சுற்றியிருந்த ஒரு ரப்பர் வளையம். வெள்ளிக்கு ரப்பர் ஆகாது. ரப்பரில் உள்ள கந்தகம் வெள்ளியைக் கறுக்கவைக்கும். உடம்பின் நடுவே அரைஞாண் கட்டியதுபோல ஒரு கறுப்புக் கோடு. வெள்ளி துடைப்பதற்கான மென்மையான துணியால் தேய்த்ததில் பெரும்பகுதி போனது. கட்டங்களுக்கு இடையிலுள்ள பள்ளங்களின் கறுமையை மட்டும் தொடவில்லை. அது இருந்தால்தான் கட்டமே எடுப்பாகத் தெரியும். பளபளப்பு ஆசையில் திரவத்தில் முக்கி எடுப்பவர்கள் பேனாவைக் கரண்டியாக்கிவிடுகிறார்கள்.

மெலிய நிப்பு வேறு யாருக்கோ போய்விட்டது. எனக்கு வந்தது நடுத்தரம். பத்து மடங்கு உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தேன். இரண்டு கால்களும் சமமாக, நடுவே மயிரிழை வெளிச்சம். உள்ளே இருந்த, மையை உறிஞ்சி வைத்துக்கொள்ளும் அழுத்தும் வகைக் கன்வெர்ட்டரின் பை கல்லாக இறுகியிருந்தது. எவ்வளவு அழுத்தினாலும் ஒரு துளி இழுக்கவில்லை. நல்லவேளை, பார்க்கரின் இன்றைய கன்வெர்ட்டரும் இதில் பொருந்தும். நிப்பைச் சாதாரணத் தண்ணீரில், பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு விட்டு ஊறவைத்தேன். வெந்நீர் கூடாது. சிறிது நேரத்தில் தண்ணீரில் நீலம் இழையிழையாக இறங்கியது. பயன்படுத்தாத பேனாவாம்! என்றைக்கோ, யாரோ கடை மேசையில் தோய்த்துக் கையெழுத்துப் போட்டுப் பார்த்துவிட்டு வாங்காமல் போயிருக்கிறார். அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவர் வாங்கியிருந்தால் எனக்கேது?

மை நிரப்பி முதல் வரி எழுதினேன். பிறாண்டியது. எதிர்பார்த்ததுதான். நிப்பையும் அதன் அடியில் மை இறங்கும் கறுப்புத் துண்டையும் சேர்த்துப் பிடித்து, மேலாளர் செய்ததுபோல, மூச்சைப் பிடித்துக்கொண்டு திருகினேன். வளையத்தில் 0 இல்லாததால் குத்துமதிப்பாகத்தான். முதலில் அதிகமாகத் திருப்பிவிட்டேன். மறுபக்கக் கால் அந்தரத்தில் போனது. கொஞ்சம் பின்னால், மறுபடி ஒரு நூல் முன்னால். நான்காவது முயற்சியில் 'ழ' முழுதாக வந்தது. நடுத்தர நிப்புக்கு என் எழுத்து பொடி; சுழிகள் அடைத்துக்கொண்டன. எழுத்தைச் சற்றுப் பெரிதாக்கிக்கொண்டேன். அந்த அளவுக்கு என் கையும் விட்டுக்கொடுத்தால் குறைந்துபோகாது.

போன வாரம் அலுவலகத்தில் ஒரு நண்பர் அவசரமாகப் பேனா கேட்டார். சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். ஒரு வரி எழுதிவிட்டு முகத்தைச் சுளித்தார்.

"என்ன சார், இது பிறாண்டுகிறது? நிப்பு கோணலாக இருக்கிறதே."

"ஆமாம், கோணல்தான்" என்று சொல்லி அதைத் திரும்ப வாங்கிக்கொண்டு ஒரு பால்பாயின்ட் பேனாவைக் கொடுத்தேன்.