நாலரை மணி நேரம்

2020 மே மாதம். மதுரையில் எங்கள் அவசர சிகிச்சைப் பிரிவில் நைட் டியூட்டி. வாடிப்பட்டிப் பக்கமிருந்து ஒரு அம்மாவை மகன் கூட்டி வந்தார். வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது, வலது கை துவண்டு கிடந்தது.

"எப்பத்துல இருந்து இப்படி?"

"நேத்து காலையில இருந்து சிஸ்டர். ஆஸ்பத்திரிக்குப் போனா கொரோனா ஒட்டிக்கும்னு வரவே மாட்டேன்னுட்டாங்க."

பக்கவாதம். மூளையை அடைக்கும் ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை, அது தொடங்கியதிலிருந்து பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். அந்த நேரம் எப்போதோ போய்விட்டது.

அந்த மாதங்களில் பக்கவாதம் என்று வருகிறவர்களே குறைந்துபோனார்கள். நோய் எங்கே குறைந்தது? பயம்தான் கூடியிருந்தது. சீக்கிரம் வந்தவர்களுக்கும் தாமதம்: நாங்கள் பிபிஇ கிட் என்ற முழுப் பாதுகாப்பு உடையை மாட்ட வேண்டும், தலைக்கு சிடி ஸ்கேன் எடுக்கும்போதே நெஞ்சுக்கும் எடுக்க வேண்டும், ஒவ்வொருவருக்குப் பிறகும் மெஷினைத் துடைக்க வேண்டும். நிமிடத்துக்குச் சுமார் 19 லட்சம் நரம்பணுக்கள் சாகிற நோய் இது. அந்த உடைக்கு ஒவ்வொரு முடிச்சு போடும்போதும் எனக்கு நெஞ்சு அடித்துக்கொள்ளும்.

பேச்சு வராத அந்த அம்மா என்னையே பார்த்தார். சிரித்தேன். மாஸ்க்குக்குப் பின்னால் அது தெரிந்திருக்காது. கையுறையோடு அவர் இடது கையைப் பிடித்தேன். வார்டுக்கு மாற்றும்வரை அவர் விடவேயில்லை.