கூந்தன்குளம்: இந்த முறை பெட்டை வாத்துகளின் அடையாளமும் பிடிபட்டது

பறவை பார்க்கத் தொடங்கி இது மூன்றாவது பனிக்காலம். திருநெல்வேலிப் பக்கமுள்ள கூந்தன்குளம் பறவைகள் சரணாலயத்துக்கு ஏற்கெனவே இரண்டு தடவை போயிருக்கிறேன். இரண்டு தடவையும் போய்ச் சேர மணி பத்தாகிவிட்டது. வரித்தலை வாத்துகள் தூரத்தில் தலையை இறகுக்குள் செருகித் தூங்கிக்கொண்டிருந்தன. இரவில் வயல்வெளியில் மேய்ந்துவிட்டு விடியும்போது குளத்துக்குத் திரும்பும் என்று அப்புறம்தான் தெரிந்தது. அதனால் இந்த மார்கழியில் ஐந்து மணிக்கே பாளையங்கோட்டையிலிருந்து பைக்கை எடுத்துவிட்டேன். மூலைக்கரைப்பட்டி தாண்டுகிறவரை முகமெல்லாம் பனி.

கரையில் ஏறியபோது கிழக்கு சரியாக வெளுக்கவில்லை. முதலில் சத்தம்தான் கேட்டது, மூக்கால் கூப்பிடுகிற மாதிரி. பிறகு வானத்தில் ஒரு கோடு வளைந்தது, அறுந்தது, மறுபடி சேர்ந்தது. பத்துப் பத்தாக எண்ணினேன். 60-க்கு மேல் தேறும். கால்களை முன்னால் நீட்டித் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு இறங்கின. வெள்ளைத் தலையின் பின்பக்கம் மை தீட்டியதுபோல இரண்டு கறுப்புப் பட்டை. மங்கோலியாவிலும் திபெத்திலும் குஞ்சு பொரித்து, இமயமலையைத் தாண்டி வருகிற பறவை நாங்குநேரிச் சீமைக் குளத்தில் இறகு கோதுகிறது. வெகுநேரம் பைனாகுலரைக் கீழே இறக்கவே மனம் வரவில்லை.

இந்த முறை எனக்கு வைத்துக்கொண்ட பாடம் பெட்டை வாத்துகள். ஆண்களைச் சுலபமாகச் சொல்லிவிடலாம். பெட்டைகள் எல்லாமே தவிட்டு நிறம். நிறத்தை விட்டுவிட்டு அலகையும் கழுத்தையும் பார்த்ததும் பிடிபட்டது. தட்டைவாயன் வாத்தின் அலகு நுனியில் அகன்று, ஓரத்தில் ஆரஞ்சு ஓடும். அலகைத் தண்ணீரில் பதித்து அரித்துக்கொண்டே நீந்தும். ஊசிவால் வாத்துக்குச் சாம்பல் அலகு, ஒல்லிக் கழுத்து. நீலச்சிறகி வாத்தின் கண்ணோடு ஒரு கருங்கோடு, அலகடியில் வெளுத்த பொட்டு. ஒரே கல்லில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்ததால்தான் இவ்வளவும் வாய்த்தது. கரை முழுக்கச் சுற்றுவதைவிட இதுவே மேல் என்பேன்.

நடுவில் சேற்றுப் பூனைப்பருந்து ஒன்று தாழப் பறந்து வந்தது. நாமக்கோழிகள் என்கிற கறுப்பு நீர்ப்பறவைகள் அத்தனையும் ஒரே கறுப்புத் திட்டாக ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. அது போன பிறகு மெல்ல மெல்லப் பிரிந்தன.

ஒன்பதரைக்கு ஊருக்குள் வந்தேன். 1994-இல் சரணாலயமாக அறிவிப்பதற்கு வெகுமுன்பிருந்தே ஊர்க்காரர்கள் பறவைகளைக் காத்துவந்திருக்கிறார்கள். தீபாவளிக்குக்கூட வெடி கிடையாது. எச்சம் கலந்த குளத்துத் தண்ணீர் வயலுக்கு உரம். ஒரு வேம்பின் கீழ் நின்றபோது வாசல் பெருக்கிக்கொண்டிருந்த ஆச்சி, "அங்கன நிக்காதீய தம்பி, கூடு கட்டுதுவ, குச்சி விழும்" என்றார். விலகி நின்று அண்ணாந்து பார்த்தேன். மஞ்சள்மூக்கு நாரை ஒன்று சுள்ளியோடு வந்து இறங்கியது. ஜோடி அதை அலகில் வாங்கி, ஒரு இடத்தில் செருகி, பிடிக்காமல் உருவி, வேறு இடத்தில் செருகியது.

பொங்கல் பறவைகள் கணக்கெடுப்புக்கு மறுபடி வருவேன், அதே கல்லுக்கு. அடுத்த பாடம், சேற்றில் இரை தேடும் உள்ளான் பறவைகள்.