கதிர் சிகிச்சைக்குத் தயாரான எட்டு வாரம்

மலேசியாவில் கெடா மாநிலத்து பீடோங்கில் சின்னதாக ஒரு தையல் கடை வைத்திருக்கிறேன். அப்பா அம்மா பக்கத்துத் தோட்டத்தில் பால்மரம் (ரப்பர்) வெட்டிப் பால் எடுத்தவர்கள். அந்த மரங்கள் நின்ற இடமெல்லாம் இப்போது செம்பனை. 2019 வாக்கில் ஒரு நாள், பதினைந்து வருடம் கையில் இருந்த கத்திரிக்கோலின் வளையத்துக்குள் என் கட்டைவிரல் நுழையவில்லை. மோதிரம் அதற்கு முன்பே இறுகிவிட்டது. செருப்பு 6-இலிருந்து 8-க்குப் போயிருந்தது. நான் போன கிளினிக்கில் சர்க்கரை, மூட்டுவலி, வயது என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக மருந்து கொடுத்தார்கள். எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்க ஆள் இல்லை.

இரண்டு வருடம் கழித்து சுங்கைப்பட்டாணியில் ஒரு பெண் டாக்டர் என் முகத்தை உற்றுப் பார்த்துவிட்டு, "அக்கா, உங்க ஐ.சி.யைக் காட்டுங்க" என்றார். அடையாள அட்டையில் இருந்த பழைய படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். அன்றைக்குத்தான் அக்ரோமெகலி என்ற சொல்லை முதன்முதலாகக் கேட்டேன். மூளைக்கு அடியில் பட்டாணி அளவில் ஒரு சுரப்பி இருக்கிறது. அதில் ஒரு கட்டி வளர்ந்து, வளர்ச்சி ஹார்மோனை அளவுக்கு மீறிச் சுரக்கிறது. எலும்பு நீளாத வயதில் இது வந்தால் கை, கால், தாடை, மூக்கு, நாக்கு எல்லாம் தடிக்கும். பியர் மேரி என்ற பிரெஞ்சு டாக்டர் 1886-இலேயே இதற்குப் பெயர் வைத்துவிட்டார். பத்து லட்சம் பேரில் வருடத்துக்கு மூன்று நான்கு பேருக்குத்தான் புதிதாக வருமாம். எங்கள் தோட்டப் பக்கத்தில் யாருக்கும் தெரியாமல் போனதில் வியப்பில்லை.

மூக்கு வழியாக ஆபரேஷன் செய்து கட்டியில் பெரும்பகுதியை எடுத்தார்கள். மூளைக்குப் போகும் பெரிய ரத்தக்குழாயை ஒட்டிக்கொண்டிருந்த மிச்சத்தைத் தொட முடியவில்லை. மாதம் ஒரு ஊசி போட்டும் ரத்தத்தில் அந்த ஹார்மோன் அளவு இறங்காததால், 2024-இல் கதிர் சிகிச்சைக்கு அனுப்பினார்கள்.

வீட்டில் இதைச் சொன்னதும் பெரியம்மா, "கரண்டு வைக்கப் போறாங்களா? அப்போ அதுதானே?" என்றார். அந்த நோயின் பெயரை அவர் வாயால் சொல்லமாட்டார். பினாங்கு ஆஸ்பத்திரியில் 'ஒன்கோலோஜி' (புற்றுநோய்ப் பிரிவு) என்ற பலகையைப் பார்த்தபோது எனக்கும் கண் கலங்கியது. இதே நிலையில் இருப்பவர்களுக்குச் சொல்கிறேன்: இது புற்றுநோய் இல்லை. கட்டி தீங்கற்றது. அதன் சுரப்பை அடக்கவும், திரும்ப வளராமல் தடுக்கவும்தான் கதிர். கதிர் கொடுக்கும் கருவி அந்தப் பிரிவில் இருப்பதால் நாமும் அங்கே போகிறோம். இதைப் பெரியம்மாவுக்கு நான்கு தடவை சொன்னேன். நான்காவது தடவைதான் தட்டை எடுத்து எனக்குச் சோறு போட்டார்.

எனக்குக் குறித்துக் கொடுத்தது 28 தடவை. ஒவ்வொன்றும் 1.8 கிரே (கதிரை அளக்கும் அலகு), மொத்தம் 50.4. திங்கள் முதல் வெள்ளி வரை தினமும் போகவேண்டும். கேட்க நிறைய இருப்பதுபோல் தோன்றினாலும், படுத்து எழும் நேரம் கொஞ்சம்தான். முன்வேலைதான் அதிகம்.

முதலில் கண் பரிசோதனை. ஒரு கிண்ணத்துக்குள் தலையை வைத்து, ஓரத்தில் புள்ளி வெளிச்சம் தெரியும்போதெல்லாம் பட்டனை அழுத்தவேண்டும். பார்வை நரம்புகள் அந்தச் சுரப்பிக்கு நேர் மேலே ஓடுகின்றன. கதிருக்கு முன் பார்வை எப்படி இருந்தது என்று பதிவு இருந்தால்தான் பிறகு ஒப்பிட முடியும். ஹார்மோன் ரத்தப் பரிசோதனைகள் எல்லாவற்றையும் அதே காரணத்துக்காக மறுபடி எடுத்தார்கள்.

அடுத்தது எம்.ஆர்.ஐ. நகையெல்லாம் கழற்றவேண்டும். தாலிக்குப் பதிலாக மஞ்சள் கயிற்றில் மஞ்சள் துண்டு கட்டிக்கொண்டேன், அது சுலபம். மூக்குத்தி வரவில்லை. மூக்கு தடித்துத் தடித்து, கல்லின் விளிம்பு சதைக்குள் புதைந்திருந்தது. ஆபரேஷனுக்கு முன்பும் கழற்றப் பார்த்து முடியாமல், அதன்மேல் டேப் ஒட்டி அனுப்பிவிட்டார்கள். இந்தத் தடவை முகத்துக்குப் பக்கத்திலேயே படம் துல்லியமாக வேண்டும் என்றார்கள். பத்தர் கடையில் எண்ணெய் விட்டு, மெல்லிய குறடால் உள்பக்கத் திருகை நறுக்கி எடுத்தார். என் கல்யாணத்துக்கு அம்மா போட்ட மூக்குத்தி. பத்தர் அதை ஒரு சிகப்புத் தாளில் மடித்துக் கொடுத்தார். உங்களுக்கும் இப்படி இருந்தால் கடைசி நாள் வரை வைத்திருக்காதீர்கள். புண் ஆற எனக்குப் பத்து நாள் ஆனது.

எனக்கு உண்மையான பயம் மல்லாந்து படுப்பதுதான். இந்த நோயில் நாக்கும் தொண்டைச் சதையும் தடிப்பதால் பலருக்குத் தூக்கத்தில் மூச்சு அடைக்கும். நானும் இரவில் காற்று அழுத்தும் கருவி போட்டுத்தான் தூங்குகிறேன். மல்லாந்தால் நாக்கு பின்னால் சரியும். அதற்கு மேல், கதிர் கொடுக்கும்போது தலை அசையாமல் இருக்க முகத்தில் இறுக்கமான முகமூடி வேறு. வெட்கப்படாமல் இதை முன்கூட்டியே சொல்லிவிட்டேன். அப்புறம் வீட்டில் தினமும் மத்தியானம் தரையில் பாய் போட்டு, தலையணை இல்லாமல் படுத்துப் பழகினேன். முதல் நாள் நான்கு நிமிடம். மூன்றாவது வாரம் இருபது நிமிடம். முகத்தின்மேல் 'வாயில்' என்ற மெல்லிய ரகத் துணி. மகள் பக்கத்தில் உட்கார்ந்து கடிகாரம் பார்த்தாள்.

இப்போது என் தவறு. ஆபரேஷனுக்குப் பிறகு என் உடம்பு கார்ட்டிசால் என்ற, உயிருக்குத் தேவையான ஹார்மோனைப் போதுமான அளவு சுரப்பதில்லை. அதற்குப் பதிலாக ஹைட்ரோகார்ட்டிசோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை காலையில் 10 மில்லிகிராம், மத்தியானம் 5, சாயங்காலம் 5 என்று வாழ்கிறேன். ஸ்கேன் கடிதத்தில் 'புவாசா' என்று இருந்தது, மலாயில் உண்ணாவிரதம். சாப்பிடக்கூடாது என்றால் மாத்திரையும் கூடாது என்று நானாகவே முடிவுசெய்துவிட்டேன். காத்திருந்த நாற்காலியில் வேர்த்துக் கொட்டி, கால் துவண்டு, வாந்தி எடுத்தேன். நான் ஸ்டீராய்டு எடுப்பவள் என்று காட்டும், கைப்பையில் இருந்த அட்டையை என் வீட்டுக்காரர் நர்ஸிடம் நீட்டினார். 100 மில்லிகிராம் ஊசி போட்ட அரை மணி நேரத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஸ்கேன் ஒரு வாரம் தள்ளிப்போனது. தயவுசெய்து இதை மட்டும் நினைவில் வையுங்கள். உண்ணாவிரதம் என்று யார் சொன்னாலும், "என் ஸ்டீராய்டு மாத்திரையை எப்படி எடுப்பது?" என்று முதலில் கேளுங்கள். அந்த அட்டையைப் பையில் வையுங்கள், அது இருக்கும் இடத்தைக் கூட வருபவருக்கும் காட்டிவிடுங்கள்.

மறு வாரம் முகமூடி. தட்டையான வெள்ளைப் பிளாஸ்டிக் வலை ஒன்றை வெந்நீர்த் தொட்டியில் போட்டார்கள். அது துவண்டதும் தூக்கி என் முகத்தில் விரித்து, இரண்டு பக்கமும் இழுத்துப் பலகையில் பொருத்தினார்கள். நல்ல சூடான ஈரத்துண்டு போலிருந்தது. மூக்குத் தண்டிலும் தாடையிலும் விரலால் அழுத்திப் படியவைத்தார்கள். ஆறும்போது மெல்ல இறுகியது. உள்ளே கண்ணைத் திறக்க முடியவில்லை, ஆனால் மூக்கு வழியாகத் தாராளமாக மூச்சு வந்தது. கழுத்துக்கு அடியில் வைக்க வேறு வேறு உயரத்தில் தாங்கிகள் இருந்தன. என் நாக்கு அடைக்காத உயரம் கிடைக்கும்வரை மூன்றை மாற்றினார்கள். "ஜாங்கான் கெராக், காக்" என்றாள் முகமூடி பொருத்திய மலாய்ப் பெண், மகள் பேசுவதுபோல் மென்மையாக. அசையாதீர்கள், அக்கா. பின்னால் கொண்டை போட்டிருந்தால் முகமூடி சரியாக உட்காராது. நான் பின்னலைப் பக்கவாட்டில் விட்டிருந்தேன். 28 நாளும் அதேபோல் விடச் சொன்னார்கள்.

நாற்பத்தைந்து வருடம் வளர்ந்த முகத்தின் அளவு அன்றைக்கு வலையில் பதிந்துவிட்டது. துணியில் அரை அங்குலம் கூடக்குறைய இருந்தால் பிரித்துத் தைக்கலாம். இங்கே மில்லிமீட்டர் கணக்கு. அதனால்தான் படங்களை ஒன்றின்மேல் ஒன்று பொருத்தி, எந்தக் கோணத்தில் எவ்வளவு என்று கணக்குப் போட இரண்டு வாரத்துக்கு மேல் எடுத்தார்கள். அந்த இரண்டு வாரமும் நான் தீபாவளித் துணிகளைத் தைத்து முடித்தேன்.

முதல் நாள் விடியற்காலையில் சுங்கைப்பட்டாணியில் கொம்யூட்டர் ரயில் ஏறி, பட்டர்வொர்த்தில் இறங்கி, பெர்ரியில் பினாங்குக்குப் போனோம். மாத்திரை போட்டாயா என்று வீட்டுக்காரர் ரயிலில் ஒருதரம், பெர்ரியில் ஒருதரம் கேட்டார். முகமூடி மாட்டி, கதவு மூடி, ஒலிபெருக்கியில் அந்தப் பெண்ணின் குரல் கேட்டது. முடியாவிட்டால் கையைத் தூக்கவேண்டும். வீட்டில் அந்த மெல்லிய துணிக்கு அடியில் எண்ணியதுபோல் எண்ணினேன். எதுவும் வலிக்கவில்லை, சூடும் இல்லை. ஆயிரத்துச் சொச்சம் எண்ணும்போது கதவு திறந்தது. கன்னத்தில் வலைக் கட்டங்கள் பதிந்திருந்தன. பெர்ரி திரும்பி வரும்போதுதான் அவை மறைந்தன.

இதன் பலன் ரத்தத்தில் தெரிய வருடங்கள் ஆகும் என்று சொல்லிவிட்டார்கள். அதுவரை மாத ஊசி தொடரும். சுரப்பியின் மற்ற ஹார்மோன்கள் மெல்லக் குறையலாம் என்பதால், வருடந்தோறும் சோதிக்கவேண்டும். கடையில் புதுக் கத்திரிக்கோல் வாங்கிவிட்டேன், வளையம் பெரியதாகப் பார்த்து. அம்மாவின் மூக்குத்தி அந்தச் சிகப்புத் தாளோடு பீரோவில் இருக்கிறது.