சுவெட்டரோடு நிறை பார்த்த மாதம்

மகளுக்கு இரண்டு வயதும் மூன்று மாதமும் ஆனபோது கிளினிக்கில் நிறை பார்த்தார்கள். 9.3 கிலோ. இரண்டு மாதத்துக்கு முன் 9.4 இருந்தது. ரோஸ் நிறக் கொப்பியில் கோடு கீழே இறங்கியது. எனக்குப் பின்னால் பத்துப் பேர் வரிசையில் நிற்க, மேசையில் இருந்தவர் "பிள்ளைக்குச் சாப்பாடு குடுக்கிறதில்லையா?" என்று சத்தமாகக் கேட்டார். அன்றைய பேரும் (நாள் சம்பளம்) போய், ஆட்டோக் காசும் போய், அந்தக் கேள்வியையும் வாங்கிக்கொண்டு வந்தேன். தேயிலைத் தோட்டத்து லயத்துக்கு, எங்கள் வரிசை வீட்டுக்கு, வந்து சேரும்வரை யாரோடும் பேசவில்லை.

அடுத்த வாரம் எங்கள் பக்கத்து மிட்வைஃப் மிஸ் வந்தார். கொப்பியைப் பார்த்துவிட்டு முதலில் கேட்டது, "போன தடவை சுவெட்டர் போட்டிருந்துச்சா?" இலங்கை மலையகத்தில் தலவாக்கலைப் பக்கம், பனி இறங்கும் மாதம். சுவெட்டர், கம்பளித் தொப்பி, உள்ளே இரண்டு பெனியன் எல்லாம்தான் போட்டிருந்தது. அப்படியேதான் தராசில் தொங்கவிட்டார்கள். இந்தத் தடவை கழற்றச் சொன்னார்கள். மிஸ் அந்த உடுப்புகளை மட்டும் தராசில் போட்டுப் பார்த்தார், ஏறத்தாழ 400 கிராம். அப்படியென்றால் பிள்ளை முன்பு 9 கிலோதான். இரண்டு மாதத்தில் 300 கிராம் கூடியிருக்கிறது. கூடியதற்குத்தான் நான் ஏச்சு வாங்கியிருக்கிறேன்!

சந்தோஷம் அதிக நேரம் நிற்கவில்லை. அந்த வயதுப் பெண்பிள்ளைக்கு 9.5 கிலோவுக்குக் கீழே என்றால் எப்படியும் நிறை குறைவுதானாம்.

அப்புறம் உயரம். தலையில் நான் ஆசையாகப் போட்டிருந்த குடுமியை அவிழ்க்கச் சொன்னார், அதுவே ஒன்றிரண்டு சென்டிமீட்டர் காட்டுமாம். குதிகால், பின்பக்கம், தோள், பின்தலை எல்லாம் பலகையில் ஒட்ட வேண்டும். இரண்டு வயது வரை படுக்கவைத்து அளப்பார்கள், அதன்பின் நிற்கவைத்து. நிற்கும்போது 0.7 சென்டிமீட்டர் போலக் குறைவாகத்தான் வரும், அதனால் பழைய அளவோடு அப்படியே ஒப்பிட்டுப் பயப்படவேண்டாம் என்றார். வந்தது 80.6. இருக்கவேண்டிய கீழ் எல்லை 81.5.

"நாங்க பரம்பரையா கட்டைதானே" என்றார் மாமி. லயத்தில் எல்லோரும் சொல்வது இதைத்தான். மிஸ் சிரிக்கவில்லை. உலக சுகாதார நிறுவனம் 2006 இல் வெளியிட்ட இந்த வளர்ச்சிக் கோடுகள் பிரேசில், கானா, இந்தியா, நோர்வே, ஓமான், அமெரிக்கா என்று ஆறு நாட்டுப் பிள்ளைகளை அளந்து போட்டவை. நல்ல உணவும் பராமரிப்பும் கிடைத்தால் ஐந்து வயது வரை எல்லா இடத்துப் பிள்ளையும் ஏறத்தாழ ஒரேமாதிரிதான் வளர்கிறது என்றார். 2016 ஆய்வில் இலங்கை முழுவதும் நூறு சிறு பிள்ளைகளில் 17 பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். தோட்டங்களில் அது 32. பரம்பரை என்றால் தோட்டத்துக்கு மட்டும் ஏன் இப்படி?

ஆனால் உயரத்துக்கேற்ற நிறை சரியாக இருந்தது. இடது கையைத் தொங்கவிட்டு, தோளுக்கும் முழங்கைக்கும் நடுவில் நாடா சுற்றினார்: 13.4 சென்டிமீட்டர். 12.5க்கு மேல் என்றால் பச்சை, 11.5க்குக் கீழே போனால்தான் உடனே ஆஸ்பத்திரி. வீக்கம் இருக்கிறதா என்று அறிய, பாதத்தின் மேல் பெருவிரலால் அழுத்திப் பள்ளம் விழுகிறதா என்று பார்த்தார், விழவில்லை. மெலியவில்லை, ஆனால் குட்டை. அதாவது பசியில் கிடந்த பிள்ளை இல்லை, ரொம்ப நாளாக ஏதோ போதாமல் இருந்த பிள்ளை. கீழ் இமையை இழுத்துப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. வெளிறியிருந்தது.

ரத்தத்தில் ஹீமோகுளோபின் 9.8. இந்த வயதுக்கு 11 இருக்கவேண்டும். மலையில் இருப்பவர்களுக்கு ரத்தம் இயல்பாகவே கொஞ்சம் கூடுதலாகக் காட்டும், அதனால் இங்கே அந்த 9.8 இலிருந்தும் சிறிது கழித்துத்தான் பார்க்கவேண்டும் என்றார் டாக்டர்.

எனக்குக் கஷ்டமாக இருந்தது சாப்பாட்டுக் கேள்விதான். ஊசியைவிடக் கஷ்டம். "நேற்று காலையில எழும்பினதிலிருந்து என்ன குடுத்தீங்க?" கோழி இறைச்சி, முட்டை, சோறு என்று அடுக்கினேன். பொய் இல்லை. மிஸ் பேனாவை வைத்துவிட்டு, "நேற்று சம்பளந்தானே தங்கச்சி? போன வாரத்தில ஒரு நாளைச் சொல்லுங்க" என்றார். எனக்கு வாய் வரவில்லை. காலை ஏழு மணிக்கு மலைக்குப் போகிற நான் என்னத்தைச் சொல்வது? ஊட்டுவது மாமி. மாமியைக் கூப்பிட்டு, எங்கள் வீட்டுக் கோப்பையையும் கரண்டியையும் எடுத்துவைத்து ஒவ்வொன்றாகக் கேட்டார். ரொட்டியில் எவ்வளவு மிச்சம்? பருப்பு எத்தனை கரண்டி? இடையில் என்ன குடித்தது? மாமி ஒளிக்காமல் சொன்னார்: சீனி போட்ட சாயத்தண்ணி (பால் இல்லாத தேத்தண்ணி), நாளைக்கு ஐந்து தடவை, ரொட்டியையும் அதில் தோய்த்துத்தான். வயிறு நிறைந்துவிடும், சாப்பாட்டிலிருக்கும் இரும்புச்சத்தையும் உடம்பு எடுக்கவிடாது என்றார் மிஸ். ஊருக்கெல்லாம் கொழுந்து பறிக்கிற நமக்கே இது தெரியவில்லை பாருங்கள்.

போகும்முன் என்னையும் தராசில் ஏறச் சொன்னார். 41 கிலோ, 151 சென்டிமீட்டர். உயரத்துக்கு நிறை போதுமா என்று (BMI) கணக்குப் போட்டால் 18, குறைந்தது 18.5 இருக்கவேண்டுமாம். எனக்கு யாரும் நிறை பார்த்தது கர்ப்பத்துக்குப் பிறகு அன்றுதான்.

இரும்புச்சத்துப் பாணி (சிரப்), வயிற்றுப் பூச்சி மருந்து, திரிபோஷா என்ற சத்துமா தந்தார்கள். திரிபோஷாவை வீட்டில் எல்லோருக்கும் பிசையாமல் பிள்ளைக்கு மட்டும் வைத்தேன். நெத்தலியை இடித்துச் சோற்றில் போட்டேன், கூடவே கொய்யாப்பழம். பாணி குடித்தால் மலம் கறுக்கும் என்று முன்பே சொல்லியிருந்ததால் பயப்படவில்லை.

மூன்று மாதத்தில் 10.1 கிலோ, சுவெட்டர் இல்லாமல். ஹீமோகுளோபின் 11.2. உயரம் 82.9, இன்னும் கோட்டுக்குக் கீழேதான். நான் 42 கிலோ. மாமி சாயத்தண்ணி குடிப்பதை நிறுத்தவில்லை, பிள்ளை தூங்கியபிறகு அடுப்படியில் நின்று குடிக்கிறார்.