பொட்டிப்புரத்தில் இல்லாத அணு உலை

மதுரை ஆரப்பாளையத்தில் பஸ் ஏறினால் உசிலம்பட்டி, ஆண்டிபட்டிக் கணவாய், தேனி, போடி. அங்கிருந்து தேவாரம் சாலையில் போய் மலைப் பக்கம் திரும்ப வேண்டும். பொட்டிப்புரத்துக்குச் சுற்றுலா வருபவர்கள் யாரும் இல்லை. நான் போனது அம்பரப்பர் மலையைப் பார்க்க.

இந்த மலைக்குள் சுமார் 2 கிலோமீட்டர் சுரங்கம் குடைந்து, 50,000 டன் இரும்புத் தகடுகளை அடுக்கி, நியூட்ரினோ என்னும் மிக நுண்ணிய துகளை ஆராய்வதாகத் திட்டம். 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. 2022இல் தமிழ்நாடு அரசு உச்ச நீதிமன்றத்தில் எதிர்ப்புத் தெரிவித்தது.

"அணு உலை வரும் இடத்தைப் பார்க்க வந்தீர்களா, தம்பி?" என்றார் டீக்கடைப் பெரியவர்.

இது அணு உலை இல்லை, ஐயா என்றேன். உலை என்றால் யுரேனியம் வேண்டும். அணுக்கருவில் உள்ள நியூட்ரான் என்ற வேறொரு துகள் மோதி யுரேனியம் அணு பிளக்கும், வெப்பம் வரும், கூடவே இரண்டு மூன்று நியூட்ரான்கள் கிளம்பி அடுத்தடுத்த அணுக்களைப் பிளக்கும். அளவு மீறாமல் இருக்க, நியூட்ரான்களை விழுங்கும் கட்டுப்பாட்டுத் தண்டுகளை இறக்குவார்கள். இதே மாவட்டத்து லோயர் கேம்ப் நீர்மின் நிலையத்தில் பெரியாற்றுத் தண்ணீர் டர்பைனைச் சுழற்றுகிறது. கூடங்குளம் அணுமின் நிலையத்தில் அந்த வேலையை உலை வெப்பத்தில் உண்டாகும் நீராவி செய்கிறது. நீராவியைக் குளிரவைக்க ஏராளமான தண்ணீர் தேவை. கூடங்குளமும் கல்பாக்கமும் கடலோரத்தில் இருப்பது அதனால்தான். இங்கே கிணற்றுக்கே மழையை எதிர்பார்த்திருக்கிறார்கள்.

எல்லா உலையும் மின்சாரத்துக்கு அல்ல. கல்பாக்கத்தின் காமினி என்ற ஆராய்ச்சி உலை வெறும் 30 கிலோவாட்; அதன் நியூட்ரான்களால் பொருள்களின் உட்புறத்தைப் படம் பிடிக்கிறார்கள். மும்பையின் துருவா உலை மருத்துவத்துக்கான கதிரியக்க ஐசோடோப்புகளைத் தருகிறது.

உலைக்கும் நியூட்ரினோவுக்கும் உறவே இல்லை என்றும் சொல்ல முடியாது. ஓடும் உலையிலிருந்து நியூட்ரினோவின் எதிர்த்துகள்களான எதிர்நியூட்ரினோக்கள் கொட்டுகின்றன. 1956இல் அமெரிக்காவின் சவானா ரிவர் உலையருகேதான் இயற்பியலாளர்கள் ரெய்னஸும் கோவனும் முதன்முதலில் அவற்றைக் கண்டறிந்தார்கள். ஆனால் பொட்டிப்புரத்தில் திட்டமிட்டது, வளிமண்டலத்தில் தானாக உண்டாகும் நியூட்ரினோக்களைப் பிடிக்க மட்டுமே.

"சரி, உலை இல்லை. பாறைக்கு வெடி வைப்பார்கள்தானே?"

வைப்பார்கள். கேட்க வேண்டிய கேள்வி இதுதான். அணு உலைப் பீதியின் இரைச்சலில் இது அமுங்கிப்போனது என்பது என் எண்ணம்.

இதே இரும்புத் தகட்டுக் கருவியின் 85 டன் மாதிரியை மதுரையில் அமைத்திருக்கிறார்கள் என்றேன். ஊர்க்காரர்கள் போய்ப் பார்த்திருக்கலாமே.

"யார் கூப்பிட்டார்கள்?" என்றார் பெரியவர்.