ஒரு ஆன்டெனா, நாலு டிவி

மார்ச் 7
கம்பம் நட்டு யாகி ஆன்டெனாவை ஏற்றியாகிவிட்டது. கேபிளை நேராக ஒரே டிவியில் செருகிப் பார்த்தேன். எல்லா சேனலும் பளிச். பங்கு போடுவதெல்லாம் இதற்கப்புறம்தான். ஒரு டிவிக்கே ஒழுங்காக வராத சிக்னலை நாலாகப் பிரித்து என்ன பயன்?

மார்ச் 8
நாலு வழி ஸ்ப்ளிட்டரை மாட்டியதும் கடைசி அறை டிவியில் படம் கட்டம் கட்டமாக உடைந்தது. எதிர்பார்த்ததுதான். நாலாகப் பிரித்தால் ஒவ்வொரு வழியிலும் ஏறக்குறைய 7 டெசிபல் போய்விடும். அதாவது ஐந்தில் ஒரு பங்குதான் மிச்சம். அந்த அறைக்கு 30 மீட்டர் கேபிள் வேறு. ஆர்ஜி-6 என்ற நல்ல ரக டிவி கேபிளாக இருந்தாலும், யுஎச்எஃப் என்ற உயர் அதிர்வெண் சேனல்களில் அந்த நீளத்துக்கு இன்னொரு 5, 6 டெசிபல் கழியும். அனலாக் காலத்தில் புள்ளி புள்ளியாகவாவது படம் தெரியும். டிஜிட்டலில் அந்த தாட்சண்யமே கிடையாது.

மார்ச் 10
"டிவிக்குப் பின்னாலேயே பூஸ்டரை வைத்துவிடேன், எதற்குக் கம்பத்தில் ஏறுகிறாய்?" என்றார் அண்ணன். அங்கே வைத்தால் நலிந்துபோன சிக்னலோடு இரைச்சலும் சேர்ந்து பெருகும், அவ்வளவுதான். வழியில் தொலையப்போவதை ஈடுகட்டத்தான் பூஸ்டர். வராத சிக்னலை அது வரவழைக்காது. அதனால் ஆன்டெனாவுக்கு அடியில், கம்பத்திலேயே கட்டினேன்.

அதற்கான மின்சாரம் அதே கேபிள் வழியாக மேலே ஏறுகிறது. அதை ஏற்றிவிடும் சின்னப் பெட்டி வீட்டுக்குள், ஸ்ப்ளிட்டருக்கு முன்னால். பின்னால் வைத்தால் சில ஸ்ப்ளிட்டர்கள் மின்சாரத்தை மேலே விடாது.

வாங்கும்போது 35 டெசிபல் பெருக்கும் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்ததை விட்டுவிட்டு 18 டெசிபல்காரனை எடுத்தேன். அது தன் பங்குக்குச் சேர்க்கும் இரைச்சல் அளவு 2 டெசிபலுக்குள். சிக்னல் ஏற்கெனவே பலமாக இருக்கும் இடத்தில் பெரிய பூஸ்டர் திணறிப்போய், வந்துகொண்டிருந்த சேனலையும் கெடுத்துவிடும்.

மார்ச் 11
மூன்று அறையில் சரி. ஒன்றில் மட்டும் படம் விட்டு விட்டு வந்தது. கேபிள் முனையில் இருக்கும் எஃப் கனெக்டரைக் கழற்றினால், வலைக்கம்பியிலிருந்து ஒரே ஒரு இழை, தலைமுடி பருமன்தான், வளைந்து நடுக்கம்பியைத் தொட்டுக்கொண்டிருந்தது. நறுக்கிவிட்டு முறுக்கினேன். உடனே வந்துவிட்டது.

மார்ச் 14
மாடி அறை டிவியை அக்கா கொண்டுபோய்விட்டார். காலியான ஸ்ப்ளிட்டர் வாயில் 75 ஓம் டெர்மினேட்டரை, அதாவது சிக்னலை விழுங்கிவிடும் சின்ன மூடியை, திருகியாயிற்று. திறந்தே கிடந்தால் சிக்னல் அங்கே மோதித் திரும்பி மற்ற அறைகளையும் தொந்தரவு செய்யலாம். விலையும் அற்பம்தான்.